ஹம் சத்தத்துக்காகக் கழற்றிய எர்த்: ஏற்காட்டில் ஒரு வீட்டில் நடந்த ஷாக் விபத்து

சேலத்தில் ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் சர்வீஸ் செய்கிற வேலை எனக்கு. போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு வீட்டில் பாட்டு கேட்கிற செட்டில் இருந்து பெரியவர் ஒருவருக்கு ஷாக் அடித்து, நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் ஆகாமல் தப்பினார். அந்த வீட்டுக்கு மூன்று மாதம் முன்பே நான் போயிருக்கிறேன், அந்த செட்டைத் தொட்டு வேலையும் செய்திருக்கிறேன் என்பதால் இதை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம் என்றார்கள்.

வீடும் செட்டும்

ஏற்காடு ஏரியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சிற்றூர். கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, நடுவில் சிமெண்ட் தரையும் ஷீட் கூரையும் போட்ட வீடு. அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். மகன் சேலத்தில் வேலை, வாரக் கடைசியில் மேலே வருவார். கார்த்திகை, மார்கழியில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் இடம் அது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், தீக்குச்சி உரசினால் பிடிக்காது. ஈரத்தைப் பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் அது தேவைப்படும்.

செட் மகன் வாங்கிக் கொடுத்தது. சேலத்தில் கையால் அசெம்பிள் செய்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர், 5200, 1943 ட்ரான்சிஸ்டர் போட்ட போர்டு, 24-0-24 வோல்ட் 5 ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர், இரும்புத் தகட்டுப் பெட்டி, இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர். விடிந்தால் பக்திப் பாட்டு, சாயங்காலம் டிவி சத்தமும் அதிலேயே. டிவிக்கு டிஷ். அந்த டிஷ்ஷை வாசல் ஓரம் மண்ணில் நட்ட ஓர் இரும்புக் குழாயில் மாட்டியிருந்தார்கள். செட்டாப் பாக்ஸில் இருந்து ஆர்சிஏ ஒயர் வழியாக சத்தம் ஆம்ப்ளிபயருக்குப் போகும்.

செட் வரும்போது மூன்று பின் பிளக்தான் இருந்தது. ஆனால் செட்டாப் பாக்ஸின் ஒயரைச் சொருகிய நாளிலிருந்தே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று அடித் தொண்டைச் சத்தம் விடாமல் வந்திருக்கிறது. பாட்டு ஓடும்போது தெரியாது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே காதைக் குடையும். பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் மூன்று பின் பிளக்கை எடுத்துவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டினார். பச்சை ஒயரை உள்ளுக்குள் மடக்கி டேப் சுற்றிவிட்டார். சத்தம் பட்டென்று நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சத்தம் ஏன் வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிபயரின் பெட்டி பிளக்கின் எர்த் வழியாக வீட்டு எர்த் குழியில் சேர்கிறது. அதே பெட்டி, ஆர்சிஏ ஒயரின் மேல்வலை (உள்கம்பியைச் சுற்றியிருக்கிற கம்பி வலை), செட்டாப் பாக்ஸ், டிஷ் கேபிளின் மேல்வலை, டிஷ், இரும்புக் குழாய் என்று இன்னொரு வழியிலும் மண்ணைத் தொடுகிறது. இரண்டு இடத்து மண்ணும் ஒரே வோல்டேஜில் இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம் ஆடியோ ஒயரின் வலை வழியாக ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம் ஸ்பீக்கரில் கேட்கும். எங்கள் தொழிலில் இதை எர்த் லூப் என்போம். டிசி ஆக்கிய கரண்டைச் சமன் செய்கிற பில்டர் கண்டன்சர் கெட்டுப்போனாலும் ஹம் வரும், ஆனால் அது 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், ஆர்சிஏ ஒயரை உருவினாலும் நிற்காது. இந்த வீட்டில் ஒயரை உருவினால் நின்றிருக்கிறது. லூப்தான்.

லூப் என்றால் எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டத்தான் வேண்டும். அவர் வெட்டிய இடம் தப்பு.

பிப்ரவரியில் நான் பார்த்தது

ஒரு ஸ்பீக்கரின் வூபர் கிழிந்துவிட்டது என்று மகன் கூப்பிட்டுப் பிப்ரவரியில் போனேன். வூபர் மாற்றி, வால்யூமை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கும்போது இரண்டு பின் இருப்பதைக் கவனித்தேன். பெரியவரிடம், “ஐயா, இரும்புப் பெட்டிக்கு எர்த் இல்லாம ஓட்டக்கூடாதுங்க, மூணு பின் பிளக் போட்டுடுங்க” என்றேன். “போட்டா அந்தச் சத்தம் வருதே தம்பி” என்றார். அந்த அம்மா, “மழை பேஞ்சா லேசா சுள்ளுங்கும், மத்த நாள்ல ஒண்ணும் இல்ல” என்று சொன்னார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மழை நாளில் மட்டும் ஏன் என்பது. நான் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கையில் மூன்று பின் பிளக்கும் இல்லை. “சீக்கிரம் மாத்திடுங்க” என்று மறுபடி ஒரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மே மாதம், அந்தச் சாயங்காலம்

கோடை மழை. நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு இடி இறங்க ஆரம்பித்திருக்கிறது. பெரியவர் தோட்டத்தில் இருந்து நனைந்துகொண்டே ஓடிவந்து, வெறும் காலோடு உள்ளே வந்து, இடி என்றால் எப்போதும் செய்கிற மாதிரி செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கிற டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றி ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறார். முன்பு ஒரு இடியில் ஒரு பாக்ஸ் போய்விட்டதால் வந்த பழக்கம். அடுத்தது ஆம்ப்ளிபயரை நிறுத்த வேண்டும். ஸ்விட்ச் போர்டு அலமாரிக்குப் பின்னால், கை எட்டாது. அதனால் இடது கையைப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டு வலது கையால் முன்பக்க ஸ்விட்சைத் தட்டப் போனார்.

இடது கை பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடியே இறுகிவிட்டது. கத்தக்கூட முடியவில்லை, ‘ங்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது என்று அந்த அம்மா சொன்னார்கள். அவர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுக்கவில்லை. வாசல் நிலைக்கு அருகே இருக்கிற மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினார்கள். எப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். சின்ன வயதில் கிணற்று மோட்டாரில் மாட்டிய ஒருவரைத் தொடப்போன இன்னொருவரும் சேர்ந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறார்களாம். அன்றைக்கு அவர் பிழைத்ததற்கு அந்த ஞாபகம்தான் காரணம்.

கீழே சாய்ந்தவர் கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் பெட்டி விளிம்பின் கோடு வெளுத்துப்போய் ஒரு தீப்புண். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னாலும், பக்கத்து வீட்டுப் பையன் விடாமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அது சரியான முடிவு. மின்சாரம் உடம்பு வழியாகப் போன பிறகு ஆள் தெளிவாகப் பேசினாலும் இதயத் துடிப்பு தப்பலாம். ஈசிஜி எடுத்து, ஓர் இரவு வைத்துப் பார்த்து, மறுநாள் அனுப்பினார்கள்.

பிரித்துப் பார்த்தபோது

மகன் போன் செய்து இரண்டு நாள் கழித்து மேலே போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த அம்மா பிப்ரவரியில் சொன்ன வாக்கியம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செட்டுக்குக் கரண்ட் கொடுக்கவே இல்லை. முதலில் பில்டர் கண்டன்சர்களில் தங்கியிருந்த சார்ஜை இறக்கினேன். 24 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் உச்சத்தில் 34 வோல்ட் வரும், 10,000 மைக்ரோபேரட் கண்டன்சரில் அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கி நிற்கும். சிலர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்கிறார்கள், பொறி பறந்து முனை உருகும், கண்ணிலும் தெறிக்கலாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி பிடித்தாலே போதும், பிறகு மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுக் கை வைக்கலாம்.

அப்புறம் இன்சுலேஷனைச் சோதிக்கிற 500 வோல்ட் மெக்கரை ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கும் (மெயின் கரண்ட் வருகிற சுற்று) பெட்டிக்கும் நடுவே வைத்தேன். நல்ல ட்ரான்ஸ்பார்மராக இருந்தால் பல மெகா ஓம் காட்ட வேண்டும். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. மல்டிமீட்டரில் பார்த்தால், பிரைமரியின் ஒரு முனைக்கும் இரும்புக் கோருக்கும் நடுவே சுமார் 11 கிலோ ஓம்தான். ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றினேன். எங்கோ ரீவைண்டிங் செய்தது, வார்னிஷில் முக்கவே இல்லை. முதல் சுற்றுக்கு அடியில் இருக்கிற காகிதம் டீயில் நனைத்த மாதிரி பழுப்பாகி, ஓரிடத்தில் கறுத்த கோடு ஓடியிருந்தது. பல பனிக்காலத்து ஈரத்தை அந்தக் காகிதம் குடித்திருக்கிறது. உள்ளே இவ்வளவு நடந்தும் வெளியே பாட்டு சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது, இன்சுலேஷன் போவதைக் காது கண்டுபிடிக்காது.

ஏன் அன்றைக்கு மட்டும்

இதுதான் எனக்கு விளங்க நேரம் பிடித்த பகுதி. மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதலாவது, எர்த் பின்னை எடுத்த பிறகு அந்தப் பெட்டிக்கு மண்ணோடு இருந்த ஒரே தொடர்பு டிஷ் கேபிள்தான். யாரும் திட்டமிடாமலே டிஷ்ஷின் இரும்புக் குழாய் அந்த செட்டின் எர்த்தாக வேலை செய்துகொண்டிருந்தது. இடி வந்தால் பெரியவர் அந்தக் கேபிளைத்தான் முதலில் கழற்றுவார். அதாவது ஒவ்வொரு மழைக்கும் தன் கையாலேயே செட்டின் எர்த்தைக் கழற்றிவிட்டுப் பிறகு செட்டைத் தொட்டிருக்கிறார். மழை நாளில் மட்டும் ‘சுள்’ என்றது இதனால்தான். ஈரத்தால் என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது, அந்த லேசான சுள். அது ட்ரான்ஸ்பார்மரில் இருந்து வந்தது இல்லை. செட்டாப் பாக்ஸின் அடாப்டர் மாதிரி இரண்டு பின் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைகளுக்குள் ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும், எர்த் எங்கேயும் இல்லாவிட்டால் அதன் வழியே பெட்டிக்குக் கிட்டத்தட்ட பாதி மெயின் வோல்டேஜ் வந்து நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். ஆனால் ஓடுகிற கரண்ட் அரை மில்லி ஆம்பியருக்கும் கீழே, புறங்கையில் உரசினால் விறுவிறுவென்று இருக்கும், அவ்வளவுதான், அதனால் ஆள் சாகமாட்டார். ஆபத்து என்னவென்றால் இந்த லேசான சுள்ளுக்கு வீடே பழகிவிட்டது. ‘இந்த செட் அப்படித்தான்’ என்றாகிவிட்டது.

மூன்றாவது, பிளக். இரண்டு பின் பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம். ஒழுகுகிற முனை நியூட்ரல் பக்கம் இருக்கும்வரை ட்ரான்ஸ்பார்மர் வழியாகப் பெட்டிக்கு வோல்டேஜ் வராது. அந்த வாரம் அந்த அம்மா அலமாரியைத் துடைக்கப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகியிருக்கிறார்கள். மாறிப்போய்விட்டது. ஒழுகிய முனை பேஸுக்கு வந்துவிட்டது. மூன்று பின் பிளக்கை இப்படித் திருப்பிச் சொருக வழியே இல்லை.

230 வோல்ட், நடுவில் 11 கிலோ ஓம், ஈரக் காலோடு நிற்கிற மனிதர் ஒரு ஒன்றரை கிலோ ஓம் என்று வைத்தால், 18 மில்லி ஆம்பியர் சுற்றி வருகிறது. 10-ஐத் தாண்டினாலே பலருக்குக் கை விடாது. வீட்டில் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் வந்தால் விழுகிற ஸ்விட்ச்) இருந்தது, ஆனால் ஆம்பியர் கணக்கில் ஓடினால்தான் அது விழும், 18 மில்லி ஆம்பியர் அதன் கண்ணுக்கே படாது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன், அன்று ராத்திரி தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். அந்த வீட்டு எர்த் குழியை எர்த் டெஸ்டரில் அளந்தபோது 48 ஓம் காட்டியது, அடியில் பாறை, மோசமான எர்த். ஆனால் அந்த மோசமான எர்த்தோடு பெட்டி சேர்ந்திருந்தால், ஒழுகுகிற 21 மில்லி ஆம்பியருக்குப் பெட்டியின் வோல்டேஜ் 1 வோல்ட்தான் ஏறியிருக்கும். அவர் உணர்ந்திருக்கவே மாட்டார்.

என்ன செய்தோம், ஏன்

ட்ரான்ஸ்பார்மரை மறுபடி ரீவைண்டிங் செய்யலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். வார்னிஷில் முக்கி உலர்த்தியதா என்று உறுதியாகத் தெரிந்த புதிய ட்ரான்ஸ்பார்மர் வாங்கி, மாட்டும் முன் மெக்கர் வைத்துப் பார்த்தேன். மூன்று கோர் ஒயர், தகட்டில் ஒயர் நுழைகிற இடத்தில் ரப்பர் குரோமெட், இழுத்தால் வராதபடி கிளாம்ப், உள்ளே 2 ஆம்பியர் ஸ்லோ பியூஸ். எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய இடத்தில், அதற்கென்றே தனியாக ஒரு போல்ட்டில் பூ வாஷர் வைத்து இறுக்கினேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பது சொருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகத்தான். அந்த அம்மாவிடம் பிளக்கைக் கையில் கொடுத்துக் காட்டியே சொன்னேன்.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம், மண்ணுக்குக் கரண்ட் ஒழுகினால் தானே விழுகிற ஸ்விட்ச் அது. எர்த்தே போதும் என்றுதானே மேலே கணக்குச் சொன்னாய் என்று கேட்கலாம். இந்த அளவு ஒழுகலுக்கு எர்த் போதும். ஆனால் நாளைக்குப் பேஸ் ஒயரே பியூஸுக்கு முன்னால் நேராகப் பெட்டியில் பட்டால், 48 ஓம் எர்த்தில் 5 ஆம்பியர்கூட ஓடாது, எம்சிபி விழாது, பெட்டி 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். பாறை மண்ணில் எர்த்தை எவ்வளவு நல்லதாக்கினாலும் ஓர் எல்லை உண்டு, மீதியை ஆர்சிசிபிதான் பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஒழுகினால் 0.3 விநாடிக்குள் அது விழுந்தாக வேண்டும். அதே சமயம் 18-க்கு அது விழும் என்று உறுதி கிடையாது, அதற்கு எர்த் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விட முடியாது. இரண்டாவது எர்த் குழி ஒன்றும் தள்ளி வெட்டி முதலாவதோடு சேர்த்தோம், 19 ஓமுக்கு வந்தது.

இனி பழைய ஹம் திரும்ப வருமே? வந்தது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபயர் மூன்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்து, டிஷ் குழாயையும் தடித்த ஒயர் போட்டு வீட்டு எர்த்தோடு சேர்த்ததும் பெரும்பகுதி அடங்கியது. மிச்சம் இருந்ததற்கு ஆர்சிஏ ஒயருக்கு நடுவே ஒரு ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர். சின்ன டப்பா, விலை சில நூறு ரூபாய். பாட்டு காந்தப் புலமாக அந்தப் பக்கம் தாண்டும், வலைக்கு வலை தொடர்பு இருக்காது. லூப்பை வெட்ட வேண்டிய இடம் இதுதான், பாட்டு போகிற ஒயரில். அடிப்பாஸ் ஒரு துளி குறைந்தது, மகனுக்குத் தெரிந்தது, பெரியவருக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தாலும் சத்தம் இல்லை.

ஸ்விட்ச் போர்டையும் அலமாரிக்கு முன்னால், கை எட்டுகிற இடத்துக்கு மாற்றினோம். சின்ன வேலைதான், ஆனால் அன்றைக்கு அவர் பெட்டியைத் தொட்டதே போர்டு எட்டாததால்தான்.

அதற்குப் பின்

இரண்டு மாதம் அந்த அம்மா செட்டைப் போடவே விடவில்லை. துணியால் மூடி வைத்திருந்தார்கள். விடிகாலைப் பாட்டு இல்லாத வீடு ஒரு மாதிரி இருக்கிறது என்று பெரியவர் என்னிடம் போனில் சொன்னார். ஆடி மாதம் அவர்களாகவே துணியை எடுத்துவிட்டார்கள்.

இடி வருகிற மாதிரி வானம் கறுத்தால் இப்போது முதலில் மெயின் பிளக்குகள், பிறகுதான் டிஷ் கேபிள். இடி ஏற்கெனவே தலைக்கு மேல் வந்துவிட்டால் எந்த ஒயரையும் தொடுவதில்லை, போனால் பாக்ஸ் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஐப்பசி மழையில் ஆர்சிசிபி இரண்டு தடவை விழுந்தது. ‘இது தொல்லையா இருக்கு, எடுத்துடலாமா’ என்று மகன் கேட்டார். எடுக்காதீர்கள் என்று சொல்லி, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். குளிக்கத் தண்ணீர் காய வைக்கிற ஹீட்டர் ராடு. தண்ணீருக்குள் போட்டதும் விழுகிறது. ராடை வெளியே எடுத்துப் பார்த்தால் வளைவில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். பித்தளைக் குடத்தில் அந்த ராடைப் போட்டுத்தான் அத்தனை நாளும் வெந்நீர் வைத்திருக்கிறார்கள்.

நான் மாற்றிக்கொண்டது

என் பையில் இப்போது மூன்று பின் பிளக் நாலைந்து எப்போதும் கிடக்கும். எந்த வீட்டில் என்ன வேலைக்குப் போனாலும், இரும்புப் பெட்டி செட்டில் இரண்டு பின் பிளக்கைப் பார்த்தால் மாற்றிவிட்டுத்தான் வருகிறேன். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் மாற்றுகிறேன். மாற்றினால் ஹம் வரும் என்றால் அதற்கும் அன்றைக்கே வழி செய்துவிட்டுத்தான் கிளம்புவது, ஏனென்றால் சத்தத்தோடு விட்டுவந்தால் ஒரு வாரத்தில் யாராவது அந்தப் பின்னைப் பிடுங்கிவிடுவார்கள். ‘எப்போ சுள்ளுங்குது, எதைக் கழற்றினா நிக்குது’ என்று நின்று கேட்கிறேன்.

பின்னை எடுத்த அந்த மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. அவர் முழுதும் கேட்டுவிட்டு, “சத்தம் நிக்கணும்னாங்க, நின்னுச்சு, அவ்வளவுதாண்ணா எனக்குத் தெரியும்” என்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்வாராம். அவருக்கு ஒரு ஐசொலேஷன் டப்பாவைக் கொடுத்து மாட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இரண்டு வீட்டில் இதையே செய்திருக்கிறேன். இரண்டும் சேலம் டவுனுக்குள்தான், ஒன்று குகை, ஒன்று அம்மாபேட்டை. ஜூன் மாதம் இரண்டுக்கும் போனேன். குகை வீட்டில் செட் பரணில் கிடந்தது, பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, இனி ஓட்டுவதாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அம்மாபேட்டையில் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது, செட்டையும் எடுத்துக்கொண்டு. பக்கத்துக் கடையில் என் நம்பர் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.